ஏலக்காய் ஸ்டோருக்கு மேஸ்திரி எடுத்த கதை

நான் ஆள் எடுத்த முதல் தடவையிலேயே ஒரு ஸ்டோர் நிறைய ஏலக்காய் பாழாய்ப் போனது. வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும் இளைஞர்களுக்கு நான் எழுத வந்தது இரண்டாம் தடவையைப் பற்றித்தான். ஆனால் முதல் தடவையைச் சொல்லாமல் அது விளங்காது.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் ரைட்டராக இருந்தேன். ஆள்பேர் பதிவது, முதலாளிக்குக் கடிதம் எழுதுவது, கீழிருந்து வரும் சாமான்களைச் சரிபார்ப்பது என் வேலை. சொந்த ஊர் ராசிங்காபுரம். வயது இருபத்தாறு. ஜீப்பும் பஸ்சும் மலையேறாத காலம் அது. பொதிமாடுகள் போகும் தடத்தில் நடந்தே ஏறுவோம்.

தோட்டத்தின் உயிர், காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தது. கல்லில் கட்டிய நீளமான கட்டிடம். வெளியே அடுப்பு. அதன் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும். மேலே அடுக்கடுக்கான தட்டுகளில் பச்சைக்காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் காய் வெளுத்து வெடிக்கும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து, பச்சை நிறம் மாறாமல் உலர்த்தி எடுப்பவர்தான் ஸ்டோர் மேஸ்திரி.

அந்த வருஷம் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது எங்கள் பழைய மேஸ்திரிக்கு மலைக்காய்ச்சல் கண்டது. டோலி கட்டித் தேவாரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினோம். முதலாளி போடியில் இருந்தார். வேறு ஆளை நீயே பார்த்துப் போடு என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளை வேட்டியும் கம்பீரமான மீசையுமாக ஒருவர் வந்தார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. காய் உலர்த்தத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். சூட்டை அளவாக வைக்க வேண்டும், அது தெரியுமல்லவா என்றேன். அதுவும் தெரியும் என்றார். பிறகு எங்கள் ஸ்டோரின் பெருமையை நானே வெகுநேரம் பேசினேன். அவர் தலையாட்டினார். வேலை கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் தட்டு முழுவதும் வெளுத்து, வாய் பிளந்து கிடந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

முதலாளி மறுநாளே ஏறி வந்தார். வெடித்த காயை ஒரு கை அள்ளிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னொரு ஆளு எடு அப்பு. நானும் கூட உக்காருறேன். இதுவும் தப்புச்சுன்னா நீயும் கீழ எறங்கிரு" என்றார்.

கேள்விகளைத் திருத்தியது

அன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்தேன். அந்த மீசைக்காரரிடம் நான் கேட்டதை ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். என் கேள்விகளில் ஒன்றுகூட அவரைப் பேச வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை நானே உள்ளே வைத்துக் கேட்டிருந்தேன். அவர் சொன்னது மொத்தம் நாலைந்து சொல். மிச்சமெல்லாம் நான் பேசியது.

காய் பொறுக்கும் பெண்களிடம் போய், மேஸ்திரி என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். காய் கெட ஆரம்பித்ததும் மறைக்காமல் சொல்லுகிறவராக இருக்க வேண்டும் என்றார்கள். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மூன்று காரியம் முடிவு செய்தேன். ஒன்று, அவர் கையால் கெட்டுப்போன காயைப் பற்றிச் சொல்லச் சொல்வது. இரண்டு, சாக்கிலிருந்து பச்சைக்காய் கொடுத்துப் பார்க்கச் சொல்வது. மூன்று, எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது. வருகிறவர் யாராக இருந்தாலும் இவைதான், இதே வரிசைதான் என்று முதலாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். போடிச் சந்தையிலும் பொதிமாட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டோம்.

மூன்று பேர்

குறித்த நாளில் ஸ்டோர் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் பறித்த காய் ஈரச் சாக்குகளில் காத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் தாமதித்தால் அதுவும் போய்விடும்.

முதலில் வந்தவர் போடிக்காரர். முதலாளியின் மைத்துனர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை நீட்டினார். கெட்டுப்போன காயைப் பற்றிக் கேட்டதற்கு, தன் கையில் எதுவுமே கெட்டதில்லை என்றார். பச்சைக்காயை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல்தரம் என்று திருப்பிக் கொடுத்தார். எங்களிடம் கேட்க நினைத்தது, தங்குவதற்கு எந்த வீடு என்பது ஒன்றுதான். முதலாளி கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனம் அங்கே சாய்வது தெரிந்தது.

அடுத்தவர் சின்னச்சாமி. திருவாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர். முதல் கேள்விக்கே துண்டை முறுக்கிக்கொண்டு தடுமாறினார். முன்பு போல என்றால் நானே பதிலை எடுத்துக் கொடுத்திருப்பேன். அன்று பேசாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பிஞ்சுக்காயைப் பறிக்க விட்டுக் கெடுத்த கதையை ஒளிக்காமல் சொன்னார். காயைப் பிதுக்கி, கொஞ்சம் இளங்காய் இருக்கிறது என்பதை மலையாள வாடையில் "கொறச்சு எளசு உண்டு" என்றார். செடியும் பறிப்பும் அறிந்தவர். அடுப்பு அவ்வளவாகத் தெரியாது. அதைத் தாமே சொல்லியும்விட்டார். குறித்துக்கொண்டேன்.

பெஞ்சிலிருந்து எழப் போனோம். அடுப்புப் பக்கமிருந்து பேச்சியக்கா வந்து நின்றார். எங்கள் ஸ்டோரில் பல வருஷமாக விறகு தள்ளுகிறவர். நாற்பது வயதிருக்கும். முந்தானையில் கையைத் துடைத்தபடி, தானும் பதில் சொல்லலாமா என்று கேட்டார்.

முதலாளி சிரித்துவிட்டார். "வெறகு தள்ளுறவ மேஸ்திரியானா ஆம்பளைக சொன்ன பேச்சு கேப்பானுகளா? சோலியப் பாரு ஆத்தா."

வேலையே ஊசலாடும்போது எதிர்த்துப் பேசுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு, வருகிறவர் யாராக இருந்தாலும் இதே மூன்றுதான் என்று அவர் சம்மதித்ததை நினைவூட்டினேன். முதலாளி என்னை முறைத்தார். ஆனால் உட்கார்ந்தார்.

முதல் கேள்வியைக் கேட்டேன். பேச்சியக்கா வெளுத்த காய் கொட்டிக் கிடந்த மூலையைப் பார்த்தார்.

"அந்தா கெடக்குல்ல, அதுலயும் எனக்குப் பங்கு இருக்கு. சூடு கூடிப்போச்சு, வெறகை இழுப்போம்னு மேஸ்திரிகிட்டச் சொன்னேன். உன் வேலையப் பாருன்னுட்டாரு. நான் இழுத்துப் போட்டிருக்கணும். வேலை போயிருமேன்னு பயந்து பேசாம இருந்துட்டேன்."

முதலாளியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சூடு கூடியது எப்படித் தெரிந்தது என்று அவரே கேட்டார். கதவிடுக்கில் வரும் வாசனையில் பச்சை மணம் போய் வறுத்த மணம் வந்தது என்றார் பேச்சியக்கா. ஈர விறகு போட்டால் என்ன ஆகும், தேக்கரண்டியளவு காயை வெளியே எடுத்து எப்போது குலுக்கிப் பார்க்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் காம்பைத் தேய்த்து உதிர்ப்பது ஏன் என்று கேட்கக் கேட்கச் சொன்னார்.

பச்சைக்காயைக் கொடுத்தேன். ஐந்தாறு காயை நகத்தால் கீறி, விதையைப் பார்த்தார். மீண்டும் சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினார்.

"இது ரெண்டு எடத்துக் காயி. ஒன்னு முத்துனது, ஒன்னு எளசு. ஒரே தட்டுல போட்டா எளசு காயுறதுக்குள்ள முத்துனது தீஞ்சிரும்."

இரண்டு இடத்துக் காய் என்பது எனக்கே தெரியாத விஷயம். பறிப்புக் கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தோம். மழை வந்துவிட்டதால் ஓடைச்சரிவுக் காயையும் மேட்டுச்சரிவுக் காயையும் ஒரே சாக்கில் கொட்டினோம் என்று தலையைச் சொறிந்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

கடைசியாக, எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்றேன். பேச்சியக்கா என்னை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

"நான் தீயைக் கொறைச்சு வச்சிருக்கையில, வெரசா காயணும், கூட்டுன்னு நீங்களே வந்து சொன்னாலும், நான் கொறைச்சே வச்சிருக்கலாமா?"

ஒரு வேலைக்காரி முதலாளியிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் சாக்கைப் பார்த்தார், மூலையில் கிடந்த வெளுத்த காயைப் பார்த்தார். மடியிலிருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, மைத்துனருக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதச் சொன்னார். பிறகு பேச்சியக்காவிடம், "வச்சிரு ஆத்தா. நான் வந்து சொன்னாலும் கேக்காத" என்றார்.

போடிக்காரரிடம் காரணத்தை நானே நேரில் சொன்னேன். கசப்பாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லாமல் அலையவிடுவது அதைவிட மோசம். சின்னச்சாமியை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அன்று குறித்து வைத்ததைக் காட்டியதும் முதலாளி அவரைப் பறிப்பு மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார். அதன்பின் இரண்டு சரிவுக் காய் ஒரே சாக்கில் விழவில்லை.

தட்டு இறங்கிய காலை

பேச்சியக்கா சாக்குகளைக் கொட்டி, காயைப் பிரித்து, தனித்தனித் தட்டில் ஏற்றினார். விறகு தள்ளும் ஆண்கள் இருவர் முதலில் முணுமுணுத்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. எந்தக் கட்டையை எப்போது இழுக்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு சொன்னார். ஒரு நாளில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

முதல் தட்டு இறங்கிய காலையில் நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். கிளிப்பச்சை நிறத்தில், ஒரு காய்கூட வாய் திறக்காமல் வந்தது. பொறுக்குகிற பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளி ஒரு காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். உள்ளே விதை கலகலவென்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பறிப்பு முடிந்து மூட்டைகள் போடிக்கு இறங்கியபோது முதலாளி பேச்சியக்காவையும் வரச் சொன்னார். கடைவீதியில் மூட்டையைப் பிரித்த வியாபாரி, பக்கத்துக் கடைக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். இப்படி நிறம் பார்த்து வெகுநாளாயிற்று, உங்கள் மேஸ்திரி யார் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பேச்சியக்காவைத் தாண்டிப் பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்தார்.

அவர் பார்வை சரியான இடத்துக்கு வரும்வரை முதலாளி காத்திருந்தார். பிறகு, "முன்னாலதான நிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன். நானும் பலர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: எல்லோரிடமும் ஒன்றையே கேளுங்கள், கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். போய் நிற்கிறவர்களுக்குச் சொல்வது: செய்த தவற்றைச் சொல்லக் கூசாதீர்கள். உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறவரிடம், இந்த வேலையைச் சரியாகச் செய்ய விடுவீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்படாத இடத்தில் துணிந்து சேரலாம்.