சாயந்தரம் வாங்க

பாரிஸுக்கு வெளியே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நான் வேலை செய்கிறேன். ஏதாவது வார்டுக்குப் படுக்கை விரிப்பு குறைந்துபோனால் அங்கே யாரும் யாரையும் திட்டுவதில்லை. எங்கள் பொறுப்பாளர் மதாம் லெரூ எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து, வெள்ளைப் பலகையில் ‘பிரச்சினை என்ன?’ என்று எழுதுவார். இதற்கு ரெயூனியோன் என்று பெயர். சேர்ந்த புதிதில் அவர் அப்படி எழுதியதுமே நான் எழுந்து நின்று, “நான் இல்லை, மதாம்” என்றேன். சுற்றியிருந்தவர்கள் திருதிருவென விழித்தார்கள். “யார் என்று நான் கேட்கவே இல்லையே?” என்றார் மதாம், நிஜமாகவே குழம்பிப் போய். புதுச்சேரியில் பள்ளிக்கூடம் தொடங்கி வேலை பார்த்த இடம் வரைக்கும் முதல் கேள்வியாக ‘யாரு?’ என்பதையே காதில் கேட்டுப் பழகியவள் நான். வேலையை விட்டுவிட்டு வேலையைப் பற்றியே இவ்வளவு பேச இந்த வெள்ளைக்காரர்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கிறதோ என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. போகப் போக அது எனக்குப் பிடித்துப்போனது. பயமில்லாமல் வேலைக்குப் போவது எவ்வளவு பெரிய சுகம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு முறை விடுமுறைக்கு ஊர் வந்தேன். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட, ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நேரில் போய்த்தான் வாங்க வேண்டியிருந்த காலம். என் தம்பி செல்வம், டாக்டர்கள் வரிசையாக போர்டு மாட்டியிருக்கும் ஒரு தெருவில் சின்னதாக லேப் நடத்திக்கொண்டிருந்தான். முதலியார்பேட்டை வீட்டில் நான் பெட்டியைத் திறப்பதற்குள் அவன் புலம்பல் தொடங்கிவிட்டது.

“மாலாவ ஒண்ணாந்தேதியோட நிறுத்திடப் போறேன்க்கா. சரியான மந்தம். சாயந்தரமானா கவுண்டர்ல ஒரே சண்டை. ரிப்போர்ட்ட எடுத்துக் குடுக்கறதுக்கு இவ்ளோ நேரமா?”

மாலாவை எனக்குத் தெரியும். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் கணவர் முதுகில் அடிபட்டு வீட்டில் கிடந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. “ஒரு வாரம் பொறு, நான் வந்து பார்க்கிறேன்” என்றேன். “லீவுக்கு வந்த எடத்துல உனக்கு எதுக்கு இந்த வேல?” என்று சிரித்தான். ஆனாலும் பொறுத்தான்.

லேபில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற எல்லாரிடமும் மாலா சொல்வது ஒன்றுதான்: “சாயந்தரம் வாங்க.” மணி சொல்வது கிடையாது, அவர்களும் கேட்பது கிடையாது. வெயில் தாழ்ந்ததும் மொத்தக் கூட்டமும் ஒன்றாக வந்து நின்றது. இன்னும் ஆகவில்லை என்று ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. “இதோ ஆயிடுச்சுங்க, உக்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவாள். டெக்னீஷியன் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பெயரைத் தேடுவார். அவள் வெளியே வருவதற்குள் இன்னும் நான்கு பேர் கேட்டிருப்பார்கள், மறுபடியும் ஓட்டம். கேட்கக் கேட்க வேலை நின்றது, வேலை நிற்க நிற்கக் கேட்பது கூடியது. அவள் மந்தமே இல்லை, பாவம், நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

பிரச்சினை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். “ஆளாளுக்கு மணி குறிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வந்தா ஆகலைன்னு சொல்லிடணும்” என்றேன். மறுநாள் அப்படியே செய்தோம். ஆனால் குறித்த மணியை யாரும் பார்க்கவில்லை, பழையபடி வெயில் தாழ்ந்ததும் மொத்தமாகத்தான் வந்தார்கள். ஆகவில்லை என்று மாலா சொன்னதும் ஓர் அம்மாள், “இவ்ளோ தூரம் வந்தவங்கள வாசல்லியே வெச்சித் தொரத்துறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?” என்று பிடித்துக்கொண்டார். சண்டை இரண்டு மடங்கானது. செல்வம் என்னை உள்ளே கூப்பிட்டான்.

“இது பிரான்சு இல்லக்கா. இங்க மனுசங்க வராங்க. நீ என்னமோ துணி மூட்டைய அனுப்புற மாதிரி பேசுற.”

சுருக்கென்றது. கோபமும் வந்தது, அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் கூடுதலாகவே வந்தது.

அடுத்த நாள் மாலா பழையபடி “சாயந்தரம் வாங்க” என்றே சொல்லி அனுப்பினாள், நான் கவுண்டர் பக்கமே போகவில்லை. காத்திருப்பவர்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த விவசாயி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு அவசரமா என்று கேட்டேன். “எனக்கு எதுக்கும்மா அது? அதக் கையில வெச்சிருந்தாதான் எதிர்க்க டாக்டர் டோக்கன் தருவாரு. டோக்கன் போச்சின்னா கடைசி பஸ்ஸும் போச்சி” என்றார். அந்தப் பக்கம் ஒரு பெரியவர், ஊரில் சொல்தா என்பார்களே, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். “இல்ல மதாம். ஞாயித்துக்கெழம துலூஸ்ல இருந்து பையன் போன் பண்ணுவான். சக்கர எவ்ளோன்னு அவனுக்குச் சொல்லணும்.” அன்று செவ்வாய்க்கிழமை. பின்னே எதற்கு இன்றைக்கே வந்து காத்திருக்கிறீர்கள் என்றதற்கு, “நீங்கதான மதாம் சாயந்தரம் வான்னு சொன்னீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சிரிப்பு வந்துவிட்டது. ரிப்போர்ட்டை எப்படிச் சீக்கிரம் கொடுப்பது என்று தம்பி கேட்டான். கூட்டத்தை எப்படித் தள்ளிவைப்பது என்று நான் கேட்டேன். இரண்டு கேள்வியுமே தப்பு. யாருக்கு இன்றைக்கே வேண்டும் என்பதைத்தான் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அன்று இரவே செல்வத்திடம் சொன்னேன். “எல்லாரும் இன்னிக்கேன்னுதான் சொல்லப் போறாங்க” என்றான். சொல்லவில்லை. காலையில் ரத்தம் எடுக்கும்போதே மாலா, “டாக்டர இன்னிக்கே பாக்கணுங்களா?” என்று கேட்டாள். பாதிப் பேருக்கு மேல், “நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கிறேனே” என்று நிம்மதியாகப் போனார்கள். அந்த பெஞ்சில் வந்து உட்கார யாருக்குத்தான் ஆசை? இன்றைக்கே வேண்டும் என்றவர்களின் ரத்தம் முதலில் மெஷினுக்குப் போனது, டோக்கன் கொடுக்கும் முன்பே ரிப்போர்ட் தயாராக இருந்தது. சில நாளில் சண்டை ஓய்ந்தது. மாலாவை நிறுத்தும் பேச்சும் போனது.

நான் பெருமையாக அவளிடம் போய், “பாத்தியா, யார் மேலயும் தப்பு இல்ல. முறைலதான் தப்பு” என்றேன். அவள் கண் கலங்கியது, ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

“தப்பு யார் மேலயும் இல்லன்னு இப்ப சொல்றீங்கக்கா. இத்தினி நாளா வரவங்க போறவங்க முன்னாடியெல்லாம் என் தப்புன்னு அண்ணன் சொன்னாரே, அது எங்க போச்சி? வேல இருக்குது, சரி. மானம்?”

யார் என்று கேட்காத நாட்டில் ஒருவரும் அவமானப்படுவதில்லை என்பது உண்மைதான். ஏற்கெனவே அவமானப்பட்டவளுக்கு அந்த நாட்டுப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. செல்வத்திடம் சொன்னபோது, “அதான் வேலைய உட்டு எடுக்கலியேக்கா” என்றான். நான் ஊர்ப் பெண்ணாகவே மாறி, குரலை உயர்த்திச் சண்டை போட்டேன்.

“நாலு பேரு முன்னாடிதானடா திட்டுன? நாலு பேரு முன்னாடியே சொல்லு.”

அன்று சாயந்தரம் அவன் உள்ளேயிருந்து வந்தான். பெஞ்சிலிருந்தவர்களைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். “இத்தினி நாளா ரிப்போர்ட்டு லேட்டானதுக்கு நாந்தான் காரணம். இந்தப் பொண்ணு இல்ல.” சொல்லிவிட்டு விறுவிறுவென உள்ளே போய்விட்டான். மாலா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன்.

கவுண்டரின் குட்டிக் கதவைப் பாதி திறந்தபடி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க இங்க வேல செய்றவங்களா, வாங்கிக்கினு போக வந்தவங்களா?”

“என் தம்பி லேபுங்க” என்றேன்.

“அது சரிம்மா. நீங்க?”