பிரிட்ஜின் பிளக்கை வெட்டிய சனிக்கிழமை

பிள்ளைகளே, அலுமாரியில் வாரண்டி கார்டோடு ஒரு வெட்டிய பிளக் கிடக்கிறது. அதை எறிந்துவிட வேண்டாம். அதன் கதையை எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் இரண்டாமவளுக்கு இன்சுலின் தொடங்கிய வருடம் அது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மருந்து, எங்களுக்கு அக்கா போன்ற பக்கத்து வீட்டு ராத்தாவின் பிரிட்ஜில் இருந்தது. ராத்தா ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. ஆனாலும் அவர்கள் கதவைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வாள். அதைப் பார்க்க முடியாமல்தான் பிரிட்ஜ் வாங்கினேன்.

சனிக்கிழமை லொறியில் வந்து இறங்கியது. "திங்கட்கிழமை கம்பனி ஆள் வந்து கரண்ட் குடுத்துப் பூட்டித் தருவார், அதுவரைக்கும் கை வைக்க வேணாம்" என்று சொல்லிப் போனார்கள். எனக்குப் பொறுமை இல்லை. பிளக்கின் முனைகள் சதுரம், எங்கள் பழைய சுவரிலோ உருண்டைத் துளை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பிளக்கை வெட்டி, உருண்டைப் பிளக் ஒன்றைப் பூட்டினேன். எர்த்துக்கான பச்சை வயரை எங்கே கொடுப்பதென்று தெரியாமல் சுருட்டி விட்டேன். அன்றிரவே மருந்தும் உள்ளே போனது.

"ரெண்டு நாள் பொறுத்தா உங்கட கை உதிர்ந்திடுமா?" என்றார் உங்கள் உம்மா.

ஞாயிறு காலை பிரிட்ஜ் கதவைத் திறந்த மகள் கையை வெடுக்கென்று இழுத்தாள். "வாப்பா, சுர்ருண்டு கடிக்குது!"

கதவில் கரண்ட் அடித்திருக்கிறது. உடனே பிளக்கைக் கழற்றினேன். மருந்து திரும்பவும் ராத்தா வீட்டுக்குப் போனது. அன்று முழுக்க என் மனதில் ஒரே கணக்கு: கடையிலிருந்தே பிளக் இப்படித்தான் வந்தது என்று கம்பனி ஆளிடம் சொல்லிவிட்டால் என்ன? உண்மையைச் சொன்னால் வாரண்டி போய்விடும். பிறகு கம்ப்ரசர் பழுதானால் மாற்ற நமக்கு ஏது வழி?

திங்கட்கிழமை கம்பனி ஆளாகச் சிலாபம் பக்கத்து இளம் பொடியன் ஒருவர் வந்தார். வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நானா, இது ஆர் வெட்டினது?" என்று என்னை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டார்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தயார் செய்து வைத்த பொய் வாய்க்கு வரவில்லை.

"நான்தான் தம்பி."

அவர் சிரித்துவிட்டார். "நல்ல காலம். போற வீட்டில எல்லாம் எலி வெட்டினதெண்டுதான் சொல்லுவாங்க."

பிறகு கார்டைக் காட்டி விளங்கப்படுத்தினார். "வயர் வெட்டியிருந்தா, எர்த் இல்லாட்டி, கம்பனி பொறுப்பெடுக்காது. நான் இப்ப பொய்யா சைன் வச்சாலும் நாளைக்கு வேற ஆள் வந்து பாத்தா பிடிபடும். ஆனா கார்ட் இன்னும் நிரப்பல்ல. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வச்சு சுவரில சதுரத் துளை சொக்கட்டும் எர்த்தும் போடுங்க. நான் புது வயர் கொண்டாறன். வயருக்கு மட்டும் நீங்க குடுக்கணும்."

எலக்ட்ரீசியன் வீட்டின் பின்னால் செப்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கினார். "உங்கட உப்பு மண் எர்த்துக்கு நல்லாப் பிடிக்கும்" என்றார். கதவு, கூரைத்தகடு, என் சைக்கிள் எல்லாவற்றையும் தின்ற உப்பு முதன்முறையாக ஒரு நன்மை செய்தது.

வியாழக்கிழமை அந்தத் தம்பி வந்து வயரை மாற்றி, எர்த்தைச் சோதித்து, கார்டை நிரப்பிக் கையெழுத்து வைத்தார். போன நோன்பில் பிரிட்ஜ் குளிராமல் போனபோது வேறொருவர் வந்தார். கார்டையும் சொக்கட்டையும் பார்த்தார், ஒரு சதமும் கேட்காமல் பழுதான பாகத்தை மாற்றிக் கொடுத்தார்.

அந்த வியாழக்கிழமை மகள் முதலில் ஒரு விரலால் கதவைத் தொட்டாள். பிறகு முழுக் கையால் பிடித்துத் திறந்தாள்.

"கடிக்கல்ல வாப்பா."

மருந்தை எடுத்து வர ராத்தா வீட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை தலை குனியவில்லை. "ராத்தா, எங்கட வீட்டிலயும் பிரிட்ஜ் இரிக்குது!" என்று அவள் கத்தியது எனக்கு இங்கே வரை கேட்டது.