கோப்பில் நாலரை அடி

தண்ணீரைப் பற்றி என் மூத்த மாப்பிள்ளைக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அப்படித்தான் அவரே சொல்வார். குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக மேற்பார்வையாளர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது, எந்த வீட்டுத் தொட்டி எத்தனை அடி, எல்லாம் விரல் நுனியில். அவருக்கு இடுப்பு வலி வந்து, டாக்டர் "ஆறு மாசம் நீச்சலுக்குப் போங்க" என்றதும், சமையல்காரரிடம் போய் அரிசி களையத் தெரியுமா என்று கேட்டுவிட்ட மாதிரி சிரித்தார்.

நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரியாது என்று அவரும் சொல்லவில்லை.

என் மகள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, குளத்துக்குப் போறேன்னு கிளம்பிட்டு இவர் டீக்கடையில உக்காந்துடுவார். நீ கூடப் போயிட்டு வா."

அன்றிலிருந்து துண்டுப்பையோடு நானும் போனேன். நீல ஓடு பதித்த நீச்சல் குளம். மருந்து வாடை மூக்கைத் துளைக்கும். கரையோரம் கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எனக்கு. காலை ஆறரை மணி வகுப்பில் புதிதாகக் கற்பவர்கள் பன்னிரண்டு பேர்: பல் விழுந்து முளைக்கிற வயசுப் பிள்ளைகள் பதினோரு பேர், பிறகு மாப்பிள்ளை. ஆழம் குறைந்த பக்கத்தைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். இவர் கண்ணாடி, மூக்குக் கிளிப், ரப்பர் தொப்பி என்று ஒரு கடையையே வாங்கி மாட்டியிருந்தார். தொப்பி இறுக்கி இரண்டு புருவத்தையும் மேலே இழுத்துவிட்டதில், பார்க்கிறவர்களுக்கு அவர் எந்நேரமும் ஏதோ கேட்டு அதிர்ந்துபோன மாதிரியே இருப்பார்.

பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். முதல் பாடம், முகத்தைத் தண்ணீரில் விட்டு மூச்சைக் குமிழியாக ஊதுவது. இரண்டாவது, மல்லாந்து படுத்து மிதப்பது. பிள்ளைகள் செய்தன.

"மேடம், இதெல்லாம் குழந்தைங்களுக்கு. நேரா கை வீசறதைச் சொல்லுங்க" என்றார் இவர்.

"காது நனையாம நீச்சல் வராது சார்."

"என் காதுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சொட்டு போனதில்லை மேடம்."

அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் அந்த வித்தை. தோள்வரை குனிந்து, கையை மாற்றி மாற்றி வீசி, அடியில் கால் விரலால் உந்தி உந்தி, கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே குறுக்கே நடந்து அந்தக் கரைக்குப் போனார். மேலே பார்த்தால் நீச்சல், கீழே பார்த்தால் நடை. பிள்ளைகள் "அங்கிள் நடக்கிறாரு!" என்று கத்தின. "இது வேற ஸ்டைல்" என்றார்.

வீட்டில் மகள் கேட்டாள், "நீந்தறாராம்மா?"

"அந்தக் கரைக்குப் போயிட்டு வர்றார்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அவர் கை தூக்கித் தண்ணீர் தெறிக்கிற நேரம் பார்த்து ஒரு பிள்ளையின் அம்மாவைப் படம் எடுக்கச் சொல்லி, ஆபீசுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். மறுநாளே அங்கே அவருக்குப் பெயர் 'சுறா'. கூச்சப்படுகிற மாதிரி நடித்தாலும், வீட்டுக்கு வந்து நாலு தடவை சொன்னார். அந்த வருஷ விளையாட்டு விழாவில் பெரிய அதிகாரி நீச்சல் போட்டியும் வைக்கச் சொன்னார். அதே குளம், நீளவாக்கில். முதல் பெயர் நம் சுறாவுடையது. அங்கே தடுக்கிவிட்டால் ரிட்டயர் ஆகிறவரை ஆபீசில் தலை நிமிர முடியாது.

பயிற்சிப் பெண் பதறிப் போனாள். "சார், கயித்துக்கு அந்தப் பக்கம் ஏழடி. பேரை வாபஸ் வாங்கிடுங்க."

"இந்தக் குளத்துக்குத் தண்ணி இணைப்பு குடுத்த கோப்புல கையெழுத்து போட்டவனே நான்தான் மேடம். முழுக்க நாலரை அடி."

"அங்க பாருங்க, ஏழுன்னு எழுதியிருக்கு."

"அது எவனோ பெயின்ட் அடிச்சது."

திரும்பி வரும்போது கேட்டேன். "மாப்பிள்ளை, அப்போ நீங்க நேர்ல வந்து அளந்தீங்களா?"

"அத்தை, ஒரு நாளைக்கு முப்பது கோப்பு வரும். எல்லாத்துக்கும் நேர்ல போனா கையெழுத்து எப்போ போடறது?"

விழா அன்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நாலு பேர் இறங்கினார்கள். விசில் ஊதியதும் முதலில் போனது யார் தெரியுமா? இவர்தான்! மற்றவர்கள் பாவம், உண்மையாகவே நீந்திக்கொண்டிருந்தார்கள். "சுறா! சுறா!" என்று ஆபீசே கை தட்டியது. பாதி தூரம் தாண்டினார். அடுத்த அடி வைத்த இடத்தில் தரை இல்லை.

தொப்பி முழுகியது. ஒரு கை வந்தது. பிறகு கண்ணாடி மட்டும் தனியாக மிதந்து வந்தது.

பயிற்சிப் பெண் நீளக் கழியோடு கரையில் ஓடினாள். "சார், மல்லாக்கப் படுங்க! காதைத் தண்ணியில விடுங்க!"

நானும் எழுந்து நின்று கத்தினேன். "மாப்பிள்ளை, காது போனாப் போகுது, படுங்க!"

படுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தண்ணீர் சொன்னதை அவர் கேட்டார். வயிறு மேலே வந்தது, பிறகு முகம். காலை உதைத்து உதைத்து, போட்டி முடிந்து மற்ற மூவரும் துவட்டிக்கொண்ட பிறகு, சுவரில் தலையை முட்டிக் கரை சேர்ந்தார்.

"என்ன சுறா சார், முன்பாதி நடை, பின்பாதி படுக்கையா?" என்றார் பெரிய அதிகாரி.

இவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "குளம் தப்பு சார்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. திங்கட்கிழமை குளத்துக்காரர்களுக்கு வாரியத்திலிருந்து கடிதம் போனது: கோப்புக்கு மாறாகத் தங்கள் குளம் ஆழமாக உள்ளது, விளக்கம் தரவும். மூன்றாம் நாள் பதில் வந்தது. மகள் உரக்கப் படித்தாள்: நாலரை என்று குறித்த அதிகாரியே நேரில் இறங்கி அளந்துகொள்ளலாம். அந்தக் கடிதத்தின் நகல் பெரிய அதிகாரிக்கும் போயிருந்தது. இறங்கி அளந்து சொல்ல மாப்பிள்ளைக்கு அவர் ஒரு மாசம் தவணை கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் கிளிப் இல்லை, தொப்பி இல்லை. பதினோரு பிள்ளைகளோடு மாப்பிள்ளை வரிசையில் நின்றார்.

"ஏழடிக்கு இறங்க எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"முதல்ல முகத்தை விடுங்க சார்."

விட்டார். குமிழி வந்தது. நாலு. நாலரை வந்ததாக வீட்டில் எல்லோரிடமும் சாதிக்கிறார். நேரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். நாலு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.