யாருக்கு எழுதுகிறார் வாத்தியார்?

கந்தினே சோரோ, இத்தாலியின் சார்தீனியாத் தீவில் ஒருனேலே என்ற மலை ஊருக்குப் பள்ளி வாத்தியாராக வந்தது பாசிஸ்டுக் கருஞ்சட்டைக்காரர்கள் ஆண்ட காலத்தில். வகுப்பில் இத்தாலியம்தான் பேசவேண்டும் என்பது உத்தரவு. வீட்டுப் பேச்சான சார்தீனிய மொழி வாய்தவறி வந்தாலும் பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்க வைக்க வேண்டும். வைத்தார். பள்ளி விட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு மலைமேல் ஆட்டுக்கிடை ஒவ்வொன்றாக ஏறி, அதே மொழியின் சொற்களைக் கேட்டு எழுதினார்.

பாக்கிஸ் என்ற மேய்ப்பன் பால் கறந்தபடியே கேட்டான்.

"காலையில இந்தப் பேச்சுக்காக எம் பொண்ண நிக்க வெச்சீங்க. சாயங்காலம் அதையே எழுதிக்க வர்றீங்க. யாருக்கு வாத்தியாரே எழுதுறீங்க?"

"எனக்குத்தான்."

"கூலி இல்லாம எவன் இம்புட்டு மலை ஏறுவான்?"

குடும்பத்துக்குக் குடும்பம் ஆட்டின் காதில் போடும் அடையாள வெட்டுகளுக்கு என்ன பெயர் என்று அவர் விசாரித்த வாரமே, ஆடு திருடியதாகப் பாக்கிஸின் மச்சானைப் போலீஸ் பிடித்துப் போனது. அன்றோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. மூடாதவர்கள் பொய் சொன்னார்கள். மூடுபனிக்கு என்று ஒருவன் சொல்லிக்கொடுத்த சொல்லைக் கல்யாணப் பந்தியில் அவர் நம்பிச் சொல்ல, பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பாதிரியார் எழுந்தே போய்விட்டார்.

மறுநாள் நோட்டைப் பாக்கிஸிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க. எவர் பேராவது இருந்தா அடுப்புல போடுங்க."

பாக்கிஸுக்குப் படிக்கத் தெரியாது. மகள் தத்தானா மூன்று மாலை உட்கார்ந்து படித்துக் காட்டினாள். பெயர் ஒன்றும் இல்லை. ஆனாலும் காதுவெட்டுப் பக்கத்தைக் கிழித்து நெருப்பில் போட்ட பிறகே நோட்டைத் திருப்பித் தந்தான்.

"பனிக்கு நாங்க சொல்றது நேவுலா. அதையாவது திருத்திக்குங்க."

அதன்பின் கந்தினே எந்தப் பிள்ளையையும் நிற்க வைக்கவில்லை. யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட, கடல் தாண்டி ஜெனோவாவுக்கு மாற்றினார்கள். அங்கே மாதம் ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு இல்லை, கையெழுத்து இல்லை, இருபது சார்தீனியச் சொற்கள் மட்டும். தத்தானாவின் கோணல் எழுத்து அவருக்குத் தெரியும். ஒருநாள் போலீஸ் கூப்பிட்டு அந்தத் தாள்களை மேசையில் விரித்தது.

"என்னய்யா சங்கேதம் இது?"

"குட்டியச் சேத்துக்காத ஆட்டுக்குப் பேருங்க."

"அதுக்குன்னு ஒரு பேரா? யார்கிட்ட கதை விடுற?"

இரண்டாம் உலகப் போர் முடியும்வரை கடிதங்கள் பிரிக்கப்பட்டே வந்தன. ஆனால் வந்தன.

பிறகு அவர் ஒருனேலேக்கே திரும்பினார். இன்னும் பதினாறு வருஷம் உழைத்து அந்தச் சொற்களின் அகராதியை அச்சுக்குக் கொண்டுவந்தார். ஊரில் பதினோரு வீடுகள் அதை வாங்கின. மதுக்கடையில் மட்டும், அவர் நுழைந்தால் இன்னமும் குரல்கள் தாழும். சுவரோர மேசையில் உட்கார்ந்து, காதில் விழுவது எதையும் எழுதாமல், தன் கோப்பையைக் குடித்து முடித்து எழுந்து போவார்.