கூச்சக்காரிக்கு ஒரு கூரை

கொடிமலை அடிவாரத்துப் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த அரசு என்கிற திருநாவுக்கரசுவுக்குப் பூக்களோடு பேசும் பழக்கம் உண்டு. துரையோடு பேசும் பழக்கம்தான் இல்லை. 1912ஆம் ஆண்டில் அதையும் ஒருநாள் கெடுத்துக்கொண்டார்.

மலையில், ஓடைக்கு மேலே துருத்தி நிற்கும் பாறையடியில் ஊதா நிறக் காட்டுப்பூ ஒன்று பூக்கும். வெயில் பட்டால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் கூச்சக்காரி. பெருமைக்கு ஒரு செடியைக் கொண்டுவந்து துரைசாணியிடம் காட்டினார். துரை பார்த்துவிட்டார். மாதக் கடைசியில் பூப்போட்டி. இருபது செடி கொண்டுவந்து வாசலில், கொளுத்தும் வெயிலில் நடச் சொன்னார்.

"வெயிலு ஆகாதுங்க தொரே. செத்துப் போயிரும்."

"வெயில் இல்லாம செடியா? வாடினா உனக்கு வேலை இல்லே!" சென்னைப் பட்டணத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டிய துரைக்குத் தமிழில் திட்ட நன்றாக வரும்.

வேலை போனால் குடியிருக்கும் பின்கட்டு அறையும் போகும். மனைவி புஷ்பவள்ளிக்கோ நிறைமாதம். அதனால் அரசு தினமும் விடியுமுன் மலையேறி, புதுச் செடிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாடியவற்றைப் பாறையடியில் திரும்ப நட்டார். துரை மீசையை முறுக்கி, "பாத்தியா?" என்றார். ஒரே வாரத்தில் பாறையடியில் நல்ல செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசிச் செடிகளை வைத்த அன்று மாலை மேட்டுப் பங்களாத் துரை வந்து பூக்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். மறுநாள் மாற்றுச் செடி இல்லை. நண்பகலுக்குள் இருபதும் படுத்துவிட்டன. துரை சிவந்த முகத்தோடு ஓடிவந்தார்.

"நேத்து வந்த தொரையோட கண்ணு பட்டுப் போச்சுங்க" என்றார் அரசு.

அந்த ஆள் தட்டிக்கொடுத்த பிறகுதான் துரையின் பந்தயக் குதிரை போன மாதம் நொண்டியாயிற்று. துரை யோசித்தார்.

"அவரு கண்ணு மேட்டுலேருந்துல்ல விழுது? மேலே ஓலைக் கூரை போட்டு, பூசணிக்கா கட்டிருவோம் தொரே."

நான்கே நாளில் கூச்சக்காரிகள் நிமிர்ந்தார்கள். முதல் பரிசும் வந்தது. கூரை நிழலில் நின்றுகொண்டே துரை விருந்தாளிகளிடம், "எல்லாம் வெயிலின் மகிமை" என்று அளந்தார்.

விருந்தாளிகள் போன பிறகு துரைசாணி அரசுவிடம் வந்தாள். "கண்ணுக்குப் பூசணிக்காய் போதுமே, கூரை எதுக்கு?"

அரசு அவசரமாகப் பூசணிக்காயை இழுத்துக் கட்டப் போனார்.

"பயப்படாதே. இருபது வருஷமா நானும் இப்படித்தான் அவரை மேய்க்கிறேன்" என்று சிரித்தாள். "அடுத்து, அவர் சுருட்டை நிறுத்தணும். அதுக்கு யார் கண்ணு பட்டுச்சுன்னு யோசிச்சு வை."