வெண்டைக்காய் மண்டியும் எக்ஸால்டும்

ஒருவரைப் புகழ்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எனக்குச் சொல்லித்தந்தவள் சித்தி. எங்கள் வீட்டில் அந்த வேலை முழுவதையும் ‘ம்’ என்ற ஒரே எழுத்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றால் ‘ம்’. கணக்கில் நூறு வாங்கி வந்தாலும் அதே ‘ம்’. அம்மா இன்னும் ஒரு படி மேலே. நான் நன்றாகப் படிப்பதாக யாராவது சொல்லிவிட்டால், “இது எங்குட்டுப் படிக்குது” என்று அவசரமாக மறுத்துவிட்டு, சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

சித்தி கல்லல் ஊர்க்காரி. காரைக்குடியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு புதுவயலுக்கு வந்தவள். நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்துவாள். அட்மைர் என்றால் மனசுக்குள்ளேயே மெச்சிக்கொள்வது, வாய் திறக்க வேண்டியதில்லை. பிரைஸ் என்றால் வாயைத் திறந்தாக வேண்டும். எக்ஸ்டால் என்றால் தெருவுக்கே கேட்க வேண்டும். எக்ஸால்ட் என்பது ஒருவரைத் தூக்கி உயரத்தில் உட்கார வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஐடலைஸ். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு எதிராளியிடம் ஒரு குறையும் கண்ணில் படாதாம்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் பார்த்தேன். சித்தப்பா சித்தியைப் பார்க்கிற பார்வைக்கு யோசிக்காமல் ஐடலைஸ் கொடுத்தேன். ஒரு படியிலும் கால் வைக்க முடியாமல் கீழேயே நின்றவர் பெரியப்பா.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். ரைஸ் மில்லில் நெல் காய வைக்கிற களத்துக்கு மேஸ்திரி. பெரியம்மா இறந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவருக்கு மில் வாசலில் இருக்கிற மெஸ்ஸில்தான். சித்தி வந்த பிறகு, ஏனோ, உச்சி வெயிலில் மொபெட்டை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்தவர் சும்மா சாப்பிட்டுப் போனாலும் பரவாயில்லை. சாம்பாரில் பருப்பு குழைந்துவிட்டது, ரசத்தில் மிளகு தூக்கல், கூட்டுக்குத் தேங்காய் போதாது என்று சித்தியின் சமையலில் தினம் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். இத்தனைக்கும் அம்மா சமைத்த ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போவார். இந்த ஓரவஞ்சனை எனக்குப் பொறுக்கவேயில்லை.

அந்த நேரத்தில் சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவர் போன பிறகு சித்தி எங்கள் வீட்டில் இருப்பதா, கல்லலுக்குப் போய் இருப்பதா என்ற பேச்சு வந்தது. ஒருநாள் சித்தி கொல்லைப்பக்கம் நின்று அவளுடைய அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “யாரும் திட்டலம்மா. ஆனா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை, ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரலம்மா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா வந்து பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு. சித்தி போய்விட்டால் எனக்குத் தலை பின்னிவிட யார், இங்கிலீஷ் சொல்லித்தர யார்? ராத்திரி படுத்தால் கதை பேச யார்?

குறை என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்தும் என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரையும் தயார் செய்துவிடுவது என்று இறங்கினேன். அப்பா சுலபமானது எதுவோ அதைக் கொடு என்று பிரைஸை எடுத்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு ஐடலைஸ். பெரியப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“எக்ஸால்ட். சொல்லுங்க பெரியப்பா.”

வாய் கொப்பளிப்பது மாதிரி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “அப்படின்னா என்னத்தா?”

“ஒருத்தர ஒசரத்துல ஒக்கார வைக்கிறது. ஞாயித்துக்கெழம சித்தி சமையல அப்படிச் சொல்லணும்.”

“நல்லாருந்தாச் சொல்லுவோம்ல” என்று துணியை உதறினார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியின் அம்மா ஒரு கூடை பலாச்சுளையோடு வந்து சேர்ந்தார். சித்தி அன்றைக்கு வெண்டைக்காய் மண்டி வைத்திருந்தாள். அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வைக்கிற மண்டிதான் எங்கள் பக்கத்துச் சமையலுக்கே உரைகல். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் கண்ணைக் காட்டினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐ பிரைஸ் திஸ் ரசம்” என்றார். ரசம் இன்னும் அவர் இலைக்கு வந்திருக்கவில்லை. சித்தப்பா “ஐ ஐடலைஸ்” என்று ஆரம்பித்து, மாமியார் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை முழுங்கிவிட்டார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

இனி எல்லாம் பெரியப்பா கையில்தான். சோற்றில் மண்டியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“புளி கூடிப்போச்சு. வெண்டிக்காய இன்னுங் கொஞ்சம் வதக்கியிருக்கணும்.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு அழுகை வந்ததோ. “ஒங்களாலதான் சித்தி கல்லலுக்குப் போகப்போறாக! நீங்க மெஸ்ஸுலயே சாப்புட்டுக்கிட்டு இருந்திருக்கலாம்!” என்று கத்திவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் அப்படி வாடிப் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“போறியாத்தா?” என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

சித்தி கதவோரம் வந்து நின்றாள். பெரியப்பா இன்னொரு கரண்டி மண்டியை அவரே ஊற்றிக்கொண்டு, “ராத்திரிக்கும் இதுல கொஞ்சம் எடுத்து வை. நாளைக்கு வைக்கும்போது புளியக் கொறைச்சுக்க” என்றார்.

சித்தியின் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: “தெனமும் மத்தியானம் வீட்டுக்குத்தான் வாராகளா?”

“ஒங்க மக வந்ததுலேர்ந்துதான்.”

கதவோரம் நின்ற சித்தி இதைக் கேட்டாள். “சரி அத்தான், கொறைச்சுக்கிறேன்” என்றாள். சாயங்காலம் அவளுடைய அம்மா வெறுங்கூடையோடு தனியாகவே பஸ் ஏறினார். சித்தியை நிறுத்தி வைத்தது ஆங்கில வினைச்சொற்கள்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பல நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அப்பாவின் பிரைஸுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்றும் நம்பினேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து வெகுகாலமாகிவிட்டது. சித்தி அதே அடுப்படியில் இருக்கிறாள். பெரியப்பாவுக்கு இப்போது மில் இல்லை, மொபெட் இல்லை. குறை மட்டும் குறையாமல் இருக்கிறது. பொங்கலில் வெல்லம் ஒரு கைப்பிடி மட்டு என்று சித்தியிடம் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அம்மா என் காதோரம் முணுமுணுத்தாள்.

“ஒம் பெரியம்மா இருந்தப்பவும் இதே கதைதான். அக்கா ஆக்குனதுல கொறை சொல்லிச் சொல்லியே சட்டியக் காலி பண்ணுவாக. நான் ஆக்குனா மட்டும் நல்லாருக்குன்னுட்டு பாதியில எந்திரிச்சிருவாக.”

எனக்குச் சட்டென்று அந்த ஞாயிற்றுக்கிழமை இலை கண்ணில் வந்தது. பெரியப்பா அதை வழித்துத் துடைத்திருந்தார். நான் அவருடைய வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானே அடுப்படிக்குள் போய் வெண்டைக்காய் மண்டி வைத்தேன். புளியை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் விட்டேன். பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு வாய் வைத்தார். மென்றார். குறை வரட்டும் என்று காத்திருந்தேன்.

“நல்லாருக்குத்தா” என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்தார்.