அரக் கோடு போட்ட டேப்பெட்

அந்த இரண்டு டேப்பெட்டிலும் அரத்தால் கோடு இழுத்தது நீ. மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. மாறிப்போய்விட்டது என்றும் சொல்லாதே. மறந்தவன் அரத்தைத் தேடி எடுக்கமாட்டான்.

உனக்கு உப்பளம் ஏரியாவில் கடை, எனக்கு ரெட்டியார்பாளையத்தில். இரண்டு பேரும் பைக் இன்ஜின் கட்டிப் பிழைக்கிறோம். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. நீ என்னை பாய் என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். உனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் மறுபடி சொல்லப் போகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் அல்லவா.

இன்ஜினுக்குள் கேம் என்கிற தண்டு சுற்றும்போது அதன் மேடு டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் ஒரு கம்பியைத் தூக்கும், கம்பி வால்வைத் திறக்கும். பழைய வண்டிகளில் டேப்பெட் வெறும் இரும்புக் கட்டை. பிறகு வந்த பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் அது ஹைட்ராலிக். உள்ளே சின்னதாக ஒரு உருளை, அதற்கு அடியில் ஸ்பிரிங், சுற்றிலும் ஆயில். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஏறி, உருளை கல் மாதிரி நிற்கும். ஓடாத இன்ஜினில் வால்வு ஸ்பிரிங் அமுக்க அமுக்க ஆயில் கசிந்து உருளை உள்ளே இறங்கிவிடும். இறங்கினால் வால்வு முழுதாகத் திறக்காது.

பெரிய பிஸ்டனும் வேறு கேமும் போட்டு இன்ஜின் கட்டும்போது, திறந்த வால்வும் மேலே வரும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளுமா என்று பார்த்தாக வேண்டும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் கிளேயை அப்புவேன். வால்வுகள் இருக்கும் ஹெட்டை மேலே மாட்டிக் கையால் இரண்டு சுற்று சுற்றுவேன். திரும்பக் கழற்றினால் கிளேயில் வால்வு பதிந்திருக்கும். அந்த இடத்தை பிளேடால் வெட்டி, மிச்சமிருக்கும் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளப்பேன். இறங்குகிற டேப்பெட்டை வைத்து இதைச் செய்தால், இல்லாத இடைவெளி இருப்பதாகக் காட்டும்.

அதற்காகத்தான் நான் அந்த ஜோடியைச் செய்தேன். கழித்துப்போட்ட இரண்டு டேப்பெட்டை எடுத்து, மேலே இருக்கும் லாக்கைக் கழற்றி, உருளையையும் ஸ்பிரிங்கையும் ஆயிலைத் தடுக்கும் சின்ன இரும்புக் குண்டையும் வெளியே எடுத்தேன். ஆயில் ஒரு சொட்டு இல்லாமல் பெட்ரோலில் கழுவினேன். ஸ்பிரிங் இருந்த இடத்தில் லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய இரும்புத் துண்டை வைத்தேன். ஓடும்போது உருளை எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்துக்குத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. பிறகு லாக்கை மாட்டினேன். யானை ஏறி நின்றாலும் இறங்காது. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்தேன். அது அளவு பார்க்க மட்டும்தான். பார்த்து முடித்ததும் எடுத்துவிட்டு நல்ல டேப்பெட்டைப் போட்டு இன்ஜினை மூட வேண்டும். உள்ளேயே விட்டால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

நீ வந்து அந்த ஜோடியை இரவல் கேட்டாய், கொடுத்தேன். நம் ஊர் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. சாமான் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை, எழுதி வைப்பதும் இல்லை. வாங்கினவன் கழுவித் துடைத்து, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றித் திருப்பித் தருவான். பிரித்துப் பார்த்து வாங்குவது அவமானப்படுத்துகிற மாதிரி. ஒரு வாரம் கழித்து நீயும் அப்படித்தான் தந்தாய். பளபளவென்று இருந்தது. நான் கொடுத்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக இல்லை.

அடுத்ததாக வந்தது அரியாங்குப்பத்துக்காரரின் வண்டி. மீன் ஏலம் எடுக்கிற குடும்பம். ஆசைப்பட்டுப் பெரிய பிஸ்டன் வாங்கி வைத்திருந்தார். அளவு பார்க்கிற அன்று அவரும் அவர் மனைவியும் கடையில் இருந்தார்கள். நான் கிளே உருட்டுவதைப் பார்த்து அந்த அம்மா சிரித்தது.

"இன்னா பாய், எங்க வூட்டுப் புள்ள வெளையாடுற சாமான வச்சு இன்ஜின் கட்றீங்க?"

"இதுதாம்மா டாக்டரு. இது சொன்னாத்தான் மூடுவேன்."

"அப்ப ஒரு யானை பொம்மையும் செஞ்சு உள்ள வச்சுடுங்க. நல்லா இழுக்கும்."

டேப்பெட்டைப் போடுவதற்கு முன்னால் கோட்டைப் பார்த்தேன், இருந்தது. கட்டை விரலால் அமுக்கினேன், கல் மாதிரி நின்றது. நிதானமாகச் சுற்றினேன். கிளேயை வெட்டி அளந்தால் இரண்டரை மில்லிமீட்டர். இரண்டு இருந்தாலே போதும். அந்தக் கிளேத் துண்டை ஒரு டப்பா மூடியில் ஒட்டி, வண்டி நம்பர் எழுதி அலமாரியில் வைத்தேன். எல்லா இன்ஜினுக்கும் அப்படி வைப்பேன். நல்ல டேப்பெட்டைப் போட்டேன். மூடினேன்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னேன். மனிதர் சொன்னபடி ஓட்டினார். ஆயில் மாற்ற வந்தபோது, "இனிமே தாராளமா இழுக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பாய், வண்டி ஓடும்போதே பூட்டிக்கிச்சு." கடலூர் ரோட்டில் வேகத்தில் போகும்போது இன்ஜின் இறுகி, பின் சக்கரம் சுற்றாமல் நின்று, ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதனால்தான் ஆள் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். "நான் ரேஸ் பண்ணல பாய். நீங்க சொன்னாப்லதான் இழுத்தேன்" என்றார். தப்பு செய்த பிள்ளை மாதிரி சொன்னார்.

அந்த அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டது. "நீங்கதான மூடுனீங்க?"

"நான்தாம்மா."

"வேற யாரும் கை வைக்கலியே?"

"இல்லம்மா. என் கைதான்."

"அந்த டாக்டரு இன்னா சொல்லுச்சு அப்ப?"

கிளே இரண்டரை மில்லி என்றது. இரண்டரை மில்லி இருந்தால் வால்வு இடிக்காது. ஆனால் இன்ஜினைப் பிரித்தபோது வால்வு முறிந்து கிடந்தது. பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் வெட்டு. ஒரு தடவை இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை. நான் அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் மூடிய இன்ஜின் எதிலும் இப்படி நடந்ததில்லை. இரண்டு நாள் கடை திறக்கவில்லை. வெர்னியர் கெட்டுவிட்டதா, கண் கெட்டுவிட்டதா என்று என்னையே சந்தேகப்பட்டேன். உன் மேல் சந்தேகம் வரவில்லை மச்சான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த ஜோடியை எடுத்தேன். அமுக்கினேன், கல்தான். எதற்கும் பார்ப்போம் என்று ஒன்றை வைஸ் என்கிற இடுக்கியில் வைத்து, நடுவில் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கொடுத்து இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உருளை இறங்கியிருந்தது. வைஸின் வாயில் ஒரு சொட்டு ஆயில்.

லாக்கைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் இருந்தது, குண்டு இருந்தது, ஆயில் நிறைய இருந்தது. என் இரும்புத் துண்டு இல்லை. அது சாதாரணப் பழைய டேப்பெட். ஆயில் நிரம்பியிருந்ததால் விரலுக்குக் கல்லாகத் தெரிந்திருக்கிறது. இன்ஜினில் நான் நிதானமாகச் சுற்றச் சுற்ற, வால்வு ஸ்பிரிங் அமுக்கி இறக்கியிருக்கிறது. பக்கவாட்டுக் கோட்டை லென்ஸில் பார்த்தேன். நான் முக்கோண அரத்தால் இழுப்பேன், பள்ளம் கூராக இருக்கும். இது தட்டை அரத்தின் விளிம்பால் இழுத்த அகலமான பள்ளம். துருகூட ஏறாத புதுக் கோடு.

என் ஆட்களில் எவனாவது மாற்றியிருப்பான் என்று சொல்வாயா? என்னிடம் ஆட்களே இல்லை. அந்த டப்பாவைத் தொடுவது நான் மட்டும்தான்.

அன்றைக்கே புதிதாக ஒரு ஜோடி செய்தேன். அதே ஹெட்டில் வேறு வால்வு மாட்டி, அதே பிஸ்டனைத் திருப்பிப் போட்டு, அதன் தலையில் வெட்டுப் படாத பக்கமாக வால்வு இறங்கும்படி கிளே வைத்துப் பார்த்தேன். அரை மில்லிகூட இல்லை. மெதுவாக ஓடும்போது அது தப்பிக்கும், வேகத்தில் வால்வு மூடக் கொஞ்சம் தாமதித்தாலும் பிஸ்டன் வந்து இடிக்கும். பிளேடில் கிளே காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் நான் அந்த இன்ஜினை மூடியிருக்கவே மாட்டேன்.

உன் கடைக்கு வந்தேன். டேப்பெட் இரண்டையும் உன் மேஜையில் வைத்தேன்.

"என் ஜோடி எங்கடா?"

"இதான பாய் உன்னுது. கோடு இருக்குது பாரு."

"கோடு இருக்கு. யார் போட்டது?"

நீ ஸ்பேனரைத் துடைத்தாய். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர். "ஆயில் நல்லா ஏத்தித்தான் குடுத்தேன் பாய். கல்லு மாதிரிதான் இருந்துச்சு. நீ செஞ்சது மட்டும் இன்னா பெருசா, அதுவும் பழைய டேப்பெட்டுதான."

உனக்குத் தெரியும். ஆயில் ஏற்றினால் விரலுக்குத் தெரியாது என்று யோசித்து ஏற்றியிருக்கிறாய்.

"என்னுது எங்கடா இருக்கு இப்ப?"

"ஒரு வண்டியிலேயே மூடிட்டேன் போல. டெலிவரி குடுத்தப்புறம்தான் டப்பாவப் பாத்தேன், உன் ஜோடி அதுல இல்ல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எந்த வண்டி?"

"அந்த வாரம் மூணு வண்டி மூடுனேன். எதுலன்னு தெரியல."

"மூணு பேரையும் கூப்புடு. பிரிச்சுப் பாரு."

"கூப்புட்டா பேரு போயிடும் பாய். சத்தம் கேட்டா அவங்களே எடுத்துக்கிட்டு வருவாங்க."

இந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. என் இரும்புத் துண்டு டேப்பெட்டுக்குள் இருக்கும் ஆயில் வழியை அடைக்கிறது. இந்த இன்ஜினில் மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் போவது அந்த வழியாகத்தான். அளவு பார்க்கிற சாமானுக்கு ஆயில் எதற்கு என்றுதான் அப்படிச் செய்தேன். அதைப் போட்டு ஓடுகிற வண்டியில் ராக்கர் காய்ந்து ஓடுகிறது. வால்வு பிடித்துக்கொண்டால் மறுபடியும் ஒரு பின் சக்கரம் நிற்கும். அப்போது பின்னால் லாரி வரலாம். பின் சீட்டில் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய சாமானைப் பிரித்துப் பார்க்கவில்லை. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அரியாங்குப்பத்துக்குப் போய் அவரிடமும் அந்த அம்மாவிடமும் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "மத்த வண்டிக்காரங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்வதற்கு யாரென்று எனக்குத் தெரியாதே. மெக்கானிக் குரூப்பில் எழுதினேன். உன் பேரைப் போடவில்லை. இந்த மாதிரி ஒரு ஜோடி யாரோ ஒருவரின் வண்டிக்குள் இருக்கிறது, மூடியவர் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், நீயும் பார்த்தாய். குரூப்பில் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தனியாக அனுப்பினாய்: "குரூப்ல எதுக்கு பாய் இதெல்லாம்?" மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டபோது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து டீ குடித்தாய். கப் காலியான பிறகும் உறிஞ்சிக்கொண்டிருந்தாய்.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். புது ஜோடியும் வேண்டாம். உன் கடைக்குப் பூட்டுப் போடச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை. அந்த மூன்று பேருக்கும் தங்கள் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. காலையில் கிக் அடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். இன்று காலையும் கிளம்பியிருப்பார்கள். அதனால் என் காதில் சொல்லாதே, தனியாக மெசேஜ் போடாதே. அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. இன்றைக்கே குரூப்பில், எல்லோரும் பார்க்க, உன் பேரைப் போட்டு எழுது. அந்த வாரம் நீ மூடிய மூன்று வண்டியின் நம்பர் என்ன?